முறுக்கு டின்னில் வந்த பிரசவப் பாடம்

தாராவி
8 ஜூன் 2025

அன்பு மருமகள் பானுமதிக்கு, அத்தை ஆறுமுகத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும் எண்ணெய்ச் சட்டியும் சுகம். விக்ரோலியில் நீயும், வயிற்றில் இருக்கிற ஆளும், மாப்பிள்ளை சுடலைக்கண்ணனும், உன் மாமனார் மாமியாரும் சுகந்தானா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் என்னைக் கர்ப்பிணி என்று எழுதிவிட்டார்கள்.

சிரிக்காதே. மாதமாக இருக்கிறவர்களுக்குப் பிரசவ வகுப்பு நடக்கிறது என்று உன்னைக் கூப்பிட்டார்கள். "பிள்ள பெறதுக்கு எதுக்குட்டி டியூசன்?" என்று உன் மாமியார் அனுப்பவில்லை. நீ பேர் பதிந்த ஆஸ்பத்திரி எனக்கு நடக்கிற தூரம். சரி, மருமகளுக்குப் பதில் நாம் போய்ப் படித்துச் சொல்வோம் என்று போய் வரிசையில் நின்றேன். ஒரு பெண் என் முகத்தைப் பார்க்காமலே எடை மெஷினில் ஏற்றினாள். எடையைச் சத்தமாகச் சொன்னாள். அந்த அதிர்ச்சியில் நான் நிற்கும்போதே கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்து, "கித்னா மஹினா?" என்று மாதக் கணக்குக் கேட்டாள். உன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து "பாஞ்ச்", ஐந்து என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகும் சந்தேகப்படவில்லை. அதற்கு நான் பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சத்து மாத்திரை ஒரு அட்டை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் காட்டினேன். மனுஷன் சாப்பிடுகிறதை நிறுத்திவிட்டு, "எப்பம்?" என்றார்.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உன் வீடு ஒற்றை அறை. என் தொண்டை ஸ்பீக்கர் போடாமலே மாஹிம் வரைக்கும் கேட்கும். உன் மாமனார் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறக்கும் என்று நான் எப்படிக் கத்துவது? மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எழுத்து முறுக்கைப் போல வளைந்து வளைந்து வந்துவிடும். சிராஜ் தம்பி என் முறுக்கை விக்ரோலிக் கடைகளுக்கு ஸ்கூட்டரில் கொண்டு வரும்போது உனக்கும் ஒரு டின் தருவான். அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே கடிதம் இருக்கும். பதிலையும் அங்கேயே வை. முறுக்கை நீ தின்னு, கடிதத்தை மறை. மாற்றிச் செய்துவிடாதே.

உன்னை நினைத்து மாவு பிசையும்
அத்தை

*

விக்ரோலி
14 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு, பானுமதி வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்களுக்கும் உங்கள் கர்ப்பத்துக்கும் சுகம் அறிய ஆசை.

கடிதத்தை பாத்ரூமில் வைத்துப் படித்தேன். சிரித்த சத்தத்துக்கு இவர் கதவைத் தட்டி, "என்ன ஆச்சு, டாக்டரக் கூப்பிடட்டுமா?" என்றார்.

அத்தை, இரண்டு விஷயம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் என்பார்கள். அம்மா இருந்தால் அவளிடம் போயிருப்பேன். உங்களிடம் வரலாம் என்றால் உங்கள் மாடி அறைக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் இந்த வயிற்றோடு ஏற முடியாது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒரு பெண் வரலாமாம். நீங்கள் வருவீர்களா?

இரண்டாவது, உங்கள் மகன் மாரிக்கண்ணன் அத்தான் ஆயுதக் கேஸ், ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். அத்தானின் காதோரத்து வடுவைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்துப் பயந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கத்தியும் படவில்லை, ஆயுதமும் படவில்லை என்று என் மாமியார் தினம் ஒரு தடவை சொல்கிறார். எனக்கு அப்படி ஆகிவிட்டால்? அன்றைக்கு உங்களுக்கு என்ன நடந்தது? யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.
பானுமதி

*

தாராவி
20 ஜூலை 2025

என் செல்ல மருமகளுக்கு, அத்தையின் ஆசி. மழையில் நனைந்தாலும் நாங்கள் நமுத்துப்போகவில்லை. மாவுதான் நமுத்துவிட்டது. உனக்குக் கால் வீக்கம் உண்டா? தலைவலி, கண் மங்கல் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. இது என் அறிவு இல்லை, வகுப்பில் சொன்னது.

பதில் தாமதம். மழை, தண்ணீர், கரண்ட் போனது, சிராஜுக்கு ஜுரம், எனக்குச் சோம்பல். எல்லாம் உண்மை.

வகுப்பு எடுக்கிறவள் சுலைகா சிஸ்டர். நம் பக்கத்துப் பிள்ளை, கடையநல்லூர்க்காரி. இந்தி, மராட்டி, தமிழ் மூன்றையும் ஒரே மாவாகப் பிசைந்து பேசுவாள். வலி தொடங்கியதும் படுத்துவிடக் கூடாதாம். நடக்கணும், சுவரைப் பிடித்து இடுப்பை ஆட்டணும், ஒருக்களிச்சுச் சாயணும். டாக்டர் வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் கஞ்சி, ஜூஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும். வலி ஏறும்போது மெழுகுவத்தியை அணைக்காமல் அசைக்கிற மாதிரி மூச்சை ஊதி விடணும். எல்லோரும் செய்தோம். நான் ஊதிய ஊதலில் முன்னால் இருந்தவள் முக்காடு பறந்தது.

இடுப்பு ஆட்டுகிறதை வீட்டில் பழகினேன். உன் மாமா பார்த்துவிட்டு, "கொசுவா?" என்றார்.

துணைக்கு வருவது பற்றிக் கேட்டிருந்தாய். நான் தக்காளி ரசம் கொட்டினாலே கண்ணை மூடுகிறவள். உன் மாமியார் திடமான மனுஷி, அவர்களைக் கூட்டிக்கொண்டு போ. என் மகனைக் கட்டியிருந்தால் நானே மாமியாராக வந்திருப்பேன். நீதான் விக்ரோலி மாப்பிள்ளை மீசையில் விழுந்துவிட்டாய். இப்போது அனுபவி.

முறுக்கில் ஓமம் சேர்த்திருக்கிறேன், வாயுவுக்கு நல்லது.
அத்தை

*

விக்ரோலி
24 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். நலம். கால் வீக்கம் இல்லை. மூச்சு பழகுகிறேன்.

இரண்டு கேள்வி கேட்டேன். ஒன்றுக்கு ரசம் ஊற்றினீர்கள். இன்னொன்றைக் காணவே காணோம்.

இங்கே அலமாரியில் விளக்கெண்ணெய் பாட்டில் வந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் குடித்தால் வலி தானாக வருமாம். ஆயுதம் போடுகிறேன் என்று டாக்டர் கேட்டால் நான் சரி என்று சொல்வதா, வேண்டாம் என்பதா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. மற்றபடி நலம்.

பானுமதி

*

தாராவி
10 ஆகஸ்ட் 2025

தூக்கம் கெட்ட மருமகளுக்குத் தூங்கி வழியும் அத்தை எழுதுவது. நாங்கள் சுகம், நீ சுகமாக இருக்கத்தான் இந்தக் கடிதம்.

விளக்கெண்ணெயைத் தொடாதே. பேதியாகும், வாந்தி வரும், வலி முறை தவறும். டாக்டர் சொல்லாமல் எதையும் குடிக்கக் கூடாது என்று சுலைகா சிஸ்டர் தலையில் அடித்துச் சொன்னாள். அவள் தலையில்தான்.

இந்த வாரப் பாடமே நீ கேட்டதுதான். ஒரு துணிப் பொம்மையும் இடுப்பெலும்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக்கும் வைத்துச் செய்து காட்டினாள். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்து, பிள்ளையின் தலை நன்றாகக் கீழே இறங்கிய பிறகும் சிலருக்குக் கடைசி கொஞ்ச தூரம் முடியாமல் போகுமாம். தாய் களைத்திருப்பாள், இல்லாவிட்டால் பிள்ளையின் இதயத்துடிப்பு குறையும். அப்போது கை கொடுக்கிறதுதான் இது. கேட்டு, சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்யணும். சில சமயம் வழியைக் கொஞ்சம் வெட்டித் தைப்பார்களாம்.

ஒன்று கிண்ணம். இட்லித் தட்டின் குழி அளவு. அதைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்துக் காற்றை உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும். வலி வந்து தாய் முக்கும்போது டாக்டர் கூடவே இழுப்பார். தேர் வடம் மாதிரி, இரண்டு பேரும் சேர்ந்தால்தான் நகரும். சில இழுப்பில் வரவில்லை என்றால் அடம் பிடிக்க மாட்டார்கள், ஆப்பரேசனுக்குப் போய்விடுவார்கள். கிண்ணம் வைத்த இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கும், ஓரிரண்டு நாளில் வடிந்துவிடும்.

இன்னொன்று கரண்டி மாதிரி இரண்டு. அதைச் சிஸ்டர் கையில் எடுத்தபோது அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. எழுந்து ஓடி வந்துவிட்டேன். அதனால் அந்தப் பாதிப் பாடம் இல்லை.

வருகிற வழியில் நடைபாதையில் ஒருவன் ரப்பர் கிண்ணம் வைத்த கொக்கி விற்றான். சுவரில் அமுக்கினால் பிடித்துக்கொள்ளும், கரண்டி மாட்டலாம். அச்சு அசல் சிஸ்டர் காட்டிய கிண்ணந்தான். வாங்கிவிட்டேன். உனக்கு ஒரு நாள் செய்து காட்டுகிறேன்.

தூங்கு.
அத்தை

*

விக்ரோலி
13 ஆகஸ்ட் 2025

அத்தை, வகுப்பு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை நீங்கள் மாவு அரைக்கிற நாள். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்க மாட்டீர்கள்.

பானுமதி

*

தாராவி
21 செப்டம்பர் 2025

பானுமதிக்கு அத்தை எழுதுவது. போன கடிதத்தில் நீ சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு வேண்டியதுதான். சுகமாக இருக்கிறேன்.

அடுப்பு எரியவில்லை. நான்தான் ஓடி வந்தேன்.

மாரிக்கண்ணன் பிறந்தபோது நான் இந்த ஊருக்குப் புதுசு. இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. வேறொரு ஆஸ்பத்திரி. பகல் முழுக்க வலி. பக்கத்தில் நம் ஆள் ஒருத்தரும் இல்லை. ஒருவர் வந்து வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. ஓடினார்கள், வந்தார்கள், அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பளபளவென்று அந்தக் கரண்டிகளைத்தான் பார்த்தேன். பிள்ளை செத்துப்போய்விட்டது, வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு பிள்ளை அழுதது. அடுத்த கட்டில் பிள்ளை என்று நினைத்தேன். கையில் கொண்டுவந்து கொடுத்த பிறகும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்தும் பல நாள் அவன் மூக்குக்கிட்ட விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் இன்னொரு பிள்ளைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டவர்களிடம், "ஒண்ணு போதும், இல்லைன்னா முறுக்குல பங்கு கொறையும்" என்று சிரித்துவிடுவேன். உன் மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவர் ஏன் என்று என்னைக் கேட்டதே இல்லை.

உன் மூன்று வரிக் கடிதம் வந்த பிறகு திரும்பப் போனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் சுலைகா சிஸ்டரிடம் சொன்னேன். இவ்வளவு காலத்தில் அவளிடந்தான் முதலில் சொன்னேன்.

"அக்கா, புள்ளைக்குத் துடிப்பு கொறஞ்சிருக்கும். அன்னைக்கு அவங்க எடுக்கலன்னாதான் நீங்க பயந்தது நடந்திருக்கும்" என்றாள்.

"அப்பம் என்கிட்ட ஏம்மா சொல்லல? ரெண்டு வார்த்தைதான?"

"சொல்லியிருக்கணும்க்கா. அது தப்புதான்" என்றாள். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கரண்டியை என் கையில் கொடுத்தாள். நான் முறுக்கு அரித்தெடுக்கிற ஜாரணியைவிட எடை குறைவு. பெரும்பாலும் அதன் தடம் சில நாளில் மறைந்துவிடுமாம், அபூர்வமாகத்தான் வடு நிற்குமாம். கிண்ணம், கரண்டி எதுவும் முக்கால்வாசிப் பேருக்குத் தேவைப்படாது, தேவைப்பட்டால் அது தோல்வியும் இல்லை என்றாள்.

ஆகையால், கேட்டால் சரி என்று சொல். ஏன், எதற்கு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்.

துணைக்கு வருகிறேன் என்று சொல்ல வாய் வருகிறது மருமகளே. கால்தான் வரவில்லை.

அத்தை

*

விக்ரோலி
24 செப்டம்பர் 2025

மதினி ஆறுமுகத்தாய்க்கு, பானுமதியின் மாமியார் பேச்சியம்மாள் எழுதுவது. நாங்கள் நலம், உங்கள் நலம் எனக்குத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்து தெரியும்.

டின்னை முதலில் திறப்பது நான்தான். முறுக்கு பிடித்தவர்கள் அடி வரைக்கும் போவார்கள். அடியில் காகிதம் இருந்தது, படித்தேன். என்னைப் பற்றி எழுதியதையும் படித்தேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மருமகளுக்குத் தெரியாது. படித்துவிட்டுப் பழையபடி மடித்து வைத்துவிடுவேன். இந்தக் கடிதத்தை மட்டும் மடிக்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஆயுதம் படவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. நாலு பெற்றேன், இரண்டுதான் நின்றது. அதைச் சொன்னதில்லை. கை கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விளக்கெண்ணெயை விளக்கில் ஊற்றிவிட்டேன். நன்றாக எரிகிறது.

உள்ளே நீங்கள்தான் போகவேண்டும். நான் போனால் டாக்டருக்கே பாடம் எடுப்பேன், வெளியே தள்ளிவிடுவார்கள். நீங்கள் பாடம் படித்தவர்கள். மருமகளுக்கு அன்றைக்கு என்ன நடக்கிறது என்று ஒரு ஆள் தமிழில் சொல்லவேண்டும். உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போனது, அவளுக்கும் அப்படி ஆகவேண்டாம். கால் வரவில்லை என்றால் சிராஜ் ஸ்கூட்டர் வரும், பின்னால் உட்காருங்கள்.

ஓமம் கொஞ்சம் தூக்கல்.
பேச்சியம்மாள்

*

விக்ரோலி
26 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு, நானும் உங்கள் பேத்தியும் வணக்கம். தையல் இருக்கிறது, உட்கார்ந்தால் வலிக்கிறது, அதனால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுக்கவும். பாலுக்கு அவள் அழுகிற சத்தம் உங்கள் சத்தம். மாஹிம் வரை கேட்கும்.

தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் எண்ணெய்ச் சட்டியை மாமாவிடம் விட்டுவிட்டு வந்து நின்றீர்கள். கையெல்லாம் பெருங்காய வாசனை. அந்த வாசனையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நடக்க வைத்தீர்கள், இடுப்பை ஆட்ட வைத்தீர்கள், கூடவே ஆடினீர்கள். பக்கத்துக் கட்டில் பெண் வலியிலும் சிரித்தாள்.

கடைசியில் எனக்கு முடியவில்லை. டாக்டரம்மா வந்து மானிட்டரைப் பார்த்துவிட்டு, சிஸ்டரிடம் வேகமாக ஏதோ சொன்னார். அப்போது நீங்கள், "மேடம், ஏக் மினிட். பஹலே இஸ்கோ போலோ, ஃபிர் கரோ", முதலில் இவளிடம் சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள் என்றீர்கள். டாக்டரம்மா நின்றார். என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார். நீங்கள் என் காதில் தமிழில் சொன்னீர்கள்.

"ஏட்டி, பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம். தலை கீழ வந்துட்டு. கிண்ணம் வைக்கப் போறாவ. ஊசி போட்டுருவாவ. இட்லிக்குழிதான், பயப்படாத. நீ முக்கினாத்தான் தேர் நகரும். சரின்னு சொல்லுதியா?"

"சரி" என்றேன். அவ்வளவு பயத்திலும், என்னைக் கேட்டார்கள், நான் சொன்னேன் என்று இருந்தது.

"வடத்தப் பிடிட்டி!" என்று நீங்கள் கத்தியதில் வெளியே நின்ற என் மாமியார் சாமி கும்பிட்டுவிட்டாராம்.

மூன்றாவது இழுப்பில் வந்தாள். அழுதாள். நீங்கள் திரும்பி அடுத்த கட்டிலைப் பார்த்தீர்கள் அத்தை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "அங்க இல்ல அத்தை, இது நம்ம பிள்ளைதான்" என்று சொன்னேன். அப்போது நீங்கள் அழுததைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும் சொன்னேன். எப்படியும் கடிதத்தைப் படித்துவிடுவார்.

தலை வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. குழந்தை டாக்டர் நன்றாகப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

தீபாவளி முடிந்தும் நீங்களும் மாமாவும் ஏன் பேத்தியைப் பார்க்க வரவில்லை? ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறோம். சாக்குச் சொல்லாமல் வாருங்கள்.

பானுமதி

*

தாராவி
2 நவம்பர் 2025

பேத்தி பெற்ற மருமகளுக்கும், அவள் வழியாக இதைப் படிக்கப்போகிற மதினி பேச்சியம்மாளுக்கும், ஆறுமுகத்தாய் எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் மாமா பற்றிக் கீழே எழுதுகிறேன். பால் கொடுக்கும்போது முதுகுக்குத் தலையணை வைக்கிறாயா? தையலில் சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே போ.

இன்று பேர் வைக்க வரமுடியவில்லை. மன்னித்துக்கொள். பேரை சிராஜிடம் சொல்லி அனுப்பு, இங்கிருந்தே மூன்று தரம் கத்துகிறேன், அவள் காதுக்குக் கேட்கும்.

மாரிக்கண்ணன் தீபாவளிக்குத் தாணேயிலிருந்து வந்தான். அவன் காதோரத்து வடுவைத் தொட்டு, அது எப்படி வந்தது, யார் ஏன் செய்தார்கள் என்று முழுசாகச் சொன்னேன். "இவ்வளவுதானாம்மா? கட்டில்ல இருந்து போட்டுட்டீங்கன்னுல நினைச்சேன்" என்றான். உன் மாமா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வெகுநேரம் கழுவினார்.

சுலைகா சிஸ்டர் என்னை வகுப்புக்கு வந்து துணைக்கு வருகிற பெண்களிடம் பேசச் சொல்லியிருக்கிறாள். போகிறேன். இந்தத் தடவை எடை மெஷின் பக்கம் போகமாட்டேன்.

இனி தாமதத்துக்குக் காரணம். பேத்தி பிறந்த சேதி கேட்டு எங்கள் சந்துப் பெண்கள் எல்லாம் வந்து, கிண்ணம் என்கிறாயே, அது என்ன, எப்படி ஒட்டும் என்று கேட்டார்கள். அதில் இரண்டு பேர் மாதமாக இருக்கிறார்கள். பயப்படக் கூடாது இல்லையா? சுவரில் இருந்த ரப்பர் கொக்கியை எடுத்தேன். பொம்மை இல்லை. உன் மாமா தரையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் முடி கிடையாது என்பது உனக்குத் தெரியும். கொஞ்சம் தண்ணீர் தொட்டு, உச்சியில் வைத்து, காற்றை அமுக்கி எடுத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. பெண்களுக்குப் பாடம் தெளிவாகப் புரிந்தது. "முக்குங்க" என்று சொல்லிவிட்டு இழுத்தேன். வரவில்லை. இரண்டாவது தரமும் வரவில்லை. மூன்றாவதில் வந்தது. மாமா அழவில்லை.

பேத்திக்கு இரண்டு நாளில் வடிந்தது. மாமாவுக்கு இன்னும் கறுப்பாக வட்டம் இருக்கிறது. பட்டறை வேலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு போகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு வருவோம்.

அத்தை